விழுந்த ரோடியோ வீரன் மனந்திரும்பும் படங்கள்: எங்கே பிசகுகிறது?
(மன்ற இழை. ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்.)

பழைய ரீல்
கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு காலத்தில் ரோடியோவில், அதாவது அமெரிக்கக் கௌபாய் போட்டியில், பரிசாகத் தங்க பெல்ட் பக்கிள் வாங்கிய எருதுச் சவாரிக்காரன். மோசமாக ஒரு அடி, அப்புறம் குடி, கடன், பிரிந்துபோன மனைவி. ஊருக்கு வெளியே ஒரு பண்ணை, அங்கே ஒரு பையன் அல்லது வயதான போதகர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணீர். கடைசியில் மறுபடி எருதின் மேல் எட்டு வினாடி (புள்ளி வாங்க அவ்வளவு நேரம் தாங்க வேண்டும்), கூட்டம் எழுந்து நிற்கிறது, முடிந்தது.

இந்த வகைக்கு வயது எழுபதுக்கு மேல். அமெரிக்க நற்செய்திப் பிரசங்கியார் பில்லி கிரஹாமின் பட நிறுவனமான வேர்ல்ட் வைட் பிக்சர்ஸ் 1951-இல் எடுத்த முதல் கதைப்படம் ‘மிஸ்டர் டெக்சாஸ்’. நாயகன் ரோடியோக்காரன், நடித்தது ரெட் ஹார்ப்பர் என்ற வெஸ்டர்ன் பாடகர், கூட நடித்தவர் பாடலாசிரியர் சிண்டி வாக்கர். அந்த வருடம் ஃபோர்ட் வொர்த்தில் நடந்த நற்செய்திக் கூட்டங்களையே கதைக்குள் கொண்டுவந்தார்கள். அதே நிறுவனம் 1997-இல் ‘தி ரைட்’ எடுத்தபோதும் வீழ்ந்த எருதுச் சவாரிக்காரன்தான், நோயாளிச் சிறுவன்தான். நடுவில் 46 வருடம். அச்சு மாறவில்லை.

அச்சு பழசு என்பது என் குறை இல்லை. ரோடியோ தெரிந்தவன் பார்த்தால் சவாரிக் காட்சியில் சிரிக்கிறான், சபைக்குப் போகிறவன் பார்த்தால் ஜெபக் காட்சியில் நெளிகிறான். இரண்டும் ஒரே காரணத்தால் என்று தோன்றுகிறது. தெரிந்தவர்கள் விவரத்தோடு எழுதுங்கள். ‘மனதைத் தொட்டது’ வகைப் பதிவுகளுக்கு வேறு இழை இருக்கிறது.

அரங்க மண்
சவாரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். திரைக்கதை எழுதுபவர்கள் எட்டு வினாடி என்ற எண்ணைத் தவிர வேறெதையும் எடுத்துக்கொள்வதில்லை.

எருது கூண்டுக்குள் பக்கவாட்டில் நிற்கும். அமெரிக்காவில் சூட் என்பார்கள். கதவு முன்பக்கம் திறக்காது, பக்கவாட்டில் திறக்கும். எருது திரும்பித்தான் வெளியே வரும். அதன் தோளோ இடுப்போ, எது முதலில் கதவுக்கோட்டைத் தாண்டுகிறதோ அப்போது கடிகாரம் ஓடத் தொடங்கும். பிடித்த கை கயிற்றை விட்டாலோ, ஆள் தரையைத் தொட்டாலோ நிற்கும். சும்மா இருக்கிற கை எருதின் மேல் பட்டால் புள்ளி கிடையாது, ஆள் விழாமல் உட்கார்ந்திருந்தாலும். படங்களில் இந்தக் கை ஆயிரம் தடவை படுகிறது.

இனி கயிறு. புல் ரோப் என்பது தட்டையாகப் பின்னிய கயிறு. முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி வரும். எங்கேயும் முடிச்சு இல்லை. ஒரு முனையிலுள்ள வளையத்துக்குள் கயிற்றின் மறுமுனை நுழைந்து வரும், அதை வால் என்பார்கள். மேலே நின்று உதவுகிற ஆள் அந்த வாலை இழுத்து இறுக்குவார். சவாரிக்காரன் கைப்பிடிக்குள் கையைக் கொடுத்து, வாலை உள்ளங்கையின் குறுக்கே போட்டு, சிலர் கையைச் சுற்றியும் ஒருமுறை எடுத்து, விரல்களை மூடி, மற்றக் கையால் அந்த முஷ்டியின்மேல் குத்தி இறுக்குவான். பிறகு இடுப்பை நகர்த்திக் கைமேல் ஏறி உட்கார்ந்து தலையாட்டுவான். தலையாட்டல்தான் கதவுக்கு உத்தரவு. ‘ஓப்பன்’ என்று கத்துவதெல்லாம் சினிமா.

கையுறையிலும் கயிற்றிலும் ரோசின், அதாவது பைன் பிசின், தேய்க்கப்பட்டிருக்கும். கூண்டில் ஏறுமுன் கையுறையால் கயிற்றை மேலும் கீழும் சூடாகும்வரை உரசுவது அதற்காக. பிசின் இளகினால்தான் ஒட்டும். வயிற்றுக்கு அடியில் கயிற்றில் தொங்குகிற மணி அழகுக்கு இல்லை, பாரத்துக்கு. கை திறந்ததும் அந்தப் பாரம்தான் கயிற்றைக் கீழே இழுத்து எருதைவிட்டுக் கழற்றும்.

ஆகவே அந்த எட்டு வினாடியும் 700, 800 கிலோ மிருகத்தின்மேல் அவனைக் கட்டி வைத்திருப்பது அவனுடைய மூடிய விரல்கள் மட்டும். மீட்பைப் பற்றிப் படம் எடுக்கிறவர்கள் எப்படி இதைக் காட்டாமல் விடுகிறார்கள் என்று புரியவே இல்லை.

கடைசி பெஞ்ச்
நம்ம ஊர் ஜல்லிக்கட்டு மாதிரிதானே? பின்னால் ஒரு பட்டை கட்டி எருதுக்கு வலி கொடுத்துத் துள்ள வைப்பார்கள் என்று படித்தேன்.

அரங்க மண்
ஒப்பிடாதீர்கள். அங்கே காளை மேல் எதுவும் இல்லாமல் ஓடி வரும், ஆள் தரையில் நின்று திமிலை அணைப்பான். இங்கே ஆள் கூண்டுக்குள்ளேயே ஏறிவிடுகிறான்.

பட்டை பற்றி: ஃபிளாங்க் ஸ்ட்ராப் தொடை இடுக்குக்கு முன்னால், இடுப்பைச் சுற்றி வருகிற மென்மையான பருத்திக் கயிறு. விதைப்பையைக் கட்டுவதாகச் சொல்வது தவறு, அந்தக் கயிறு அங்கே போவதே இல்லை. பின்னங்காலை உயர்த்தி உதைக்கத் தூண்டுவதுதான் வேலை. விலங்குநல ஆர்வலர்கள் அதையும் எதிர்க்கிறார்கள், அந்த விவாதம் தனி. படத்தில் போதகர் பாத்திரம் ‘கொடுமைப்படுத்தி ஆட வைக்கிறார்கள்’ என்று ஒரு வரி பேசினால் அரங்கிலிருக்கும் பாதி டெக்சாஸ் எழுந்து போய்விடும், அவ்வளவே.

திரைக்கதை மேசை
பழைய ரீல் கேட்ட ‘ஒரே காரணம்’ பற்றி. இந்தப் படங்களில் முதல் பிசகு வீழ்ச்சியிலேயே நடக்கிறது. நாயகனை யாரோ ‘அணியிலிருந்து நீக்குகிறார்கள்’. யார் நீக்குவது? பிஆர்சிஏ, அதாவது தொழில்முறை ரோடியோ கௌபாய்கள் சங்கம், நடத்துகிற ரோடியோவில் சம்பளம் இல்லை. சவாரிக்காரன் தன் காசில் நுழைவுக் கட்டணம் கட்டி, தன் காசில் பெட்ரோல் போட்டு, இரவெல்லாம் ஓட்டிப்போய் ஏறுகிறான். பரிசு வரிசையில் வராவிட்டால் அன்றைக்கு வரவு பூஜ்யம். கட்டணமும் போச்சு. ஜூலை 4-ஐ ஒட்டிய நாட்களில் ரோடியோக்கள் அடுக்கடுக்காக வரும், கௌபாய் கிறிஸ்துமஸ் என்று அதற்குப் பெயரே உண்டு. அந்த வாரம் விலா எலும்பு உடைந்தவனும் ஏறுவான், ஏறாவிட்டால் வருமானம் இல்லை.

அப்படியானால் வீழ்ச்சி என்பது ஒரு நாள் சம்பவம் இல்லை. உடைந்த எலும்போடு ஏறுவது, வலிக்கு மாத்திரை, மாத்திரையோடு குடி, அட்டையில் கடன் வாங்கி நுழைவுக் கட்டணம், தரவரிசையில் இறங்குவது. ஒரு பெட்ரோல் பங்கில் கடன் அட்டை மறுக்கப்படுகிற காட்சி போதும். மதுக்கடைச் சண்டைக் காட்சிக்கு அவசியமே இல்லை.

திரும்பி வருவதும் அப்படித்தான். ‘இந்த ஒரு சவாரி ஜெயித்தால் லாஸ் வேகாஸ்’ என்று வசனம் வைக்கிறார்கள். வேகாஸில் நடக்கிற இறுதிப் போட்டியான நேஷனல் ஃபைனல்ஸ் ரோடியோவுக்குப் போவது அந்தப் பருவத்தில் சம்பாதித்த தொகை வரிசையில் முதல் 15 பேர். பருவம் செப்டம்பர் 30-இல் முடிகிறது, ஃபைனல்ஸ் டிசம்பரில், 10 சுற்று. மூன்று வருடம் விட்டுவிட்டு வந்தவன் ஒரே இரவில் அங்கே போக முடியாது. மாவட்டத் திருவிழா ரோடியோ, மரப்பலகை இருக்கை, 300 பேர் கூட்டம்: அவன் திரும்பி வர நியாயமான இடம் அதுதான். செலவும் குறைவு.

பழைய ரீல்
இது நல்ல பிடி. ஆனால் தயாரிப்பாளர்கள் வேகாஸை விடமாட்டார்கள். போஸ்டருக்கு வேண்டும்.

ஒன்று சேர்க்கிறேன். 1951 படத்துக்கு ரோடியோக்காரனைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. கிரஹாமின் 1949 லாஸ் ஏஞ்சலஸ் கூடாரக் கூட்டத்தில் மனந்திரும்பியவர்களில் பெயர்பெற்றவர் ஸ்டூவர்ட் ஹாம்பிளென், வானொலி கௌபாய் பாடகர், குடியும் குதிரைப் பந்தயமுமாக இருந்தவர். 1952-இல் மதுவிலக்குக் கட்சி சார்பில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலிலேயே நின்றார்! ‘விழுந்த கௌபாய்’ அவர்களுக்குக் கற்பனை இல்லை, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்.

இன்னொன்று, இந்தப் படங்கள் ஏன் பார்ப்பவர்களை மனந்திரும்பச் சொல்லும் அழைப்போடு முடிகின்றன என்பது. அவை பெரும்பாலும் சபைகளிலும் வாடகை மண்டபங்களிலும் 16 மி.மீ. புரொஜெக்டரில் ஓடியவை. ரீல் முடிந்து விளக்கு போட்டதும் போதகர் எழுந்து ‘முன்னால் வருகிறவர்கள் வரலாம்’ என்பார். படத்தின் உண்மையான கடைசிக் காட்சி திரைக்கு வெளியே இருந்தது. அதே கட்டமைப்பை இன்று ஓடிடி-யில் போட்டால் முடிவு பாதியில் அறுந்தது போலத் தெரிகிறது. அறுந்ததுதான், மீதியைச் செய்ய ஆள் இல்லை.

மணிச்சத்தம்
படப்பிடிப்புப் பக்கம் நான் எழுதுகிறேன்.

நடிகரை எருதின்மேல் ஏற்ற எந்தக் காப்பீடும் சம்மதிக்காது. நெருக்கக் காட்சிகள் கயிறுகளில் தொங்கவிட்ட பீப்பாயிலோ இயந்திர எருதிலோ, தூரக் காட்சிகள் உண்மையான சவாரிக்காரரை வைத்து. இரண்டையும் ஒட்டுகிற இடத்தில் வருகிற தப்புகள் எப்போதும் இவைதான்:

கை. நடிகர் வலக்கையால் பிடித்திருப்பார், டூப் இடக்கைக்காரர். சிலர் ஷாட்டைக் கண்ணாடிபோல் திருப்பிச் சமாளிப்பார்கள். உடனே முதுகிலுள்ள எண்ணும், எருதின் முத்திரைக் குறியும், வேலி விளம்பரமும் இடவலம் மாறிவிடும். முதலில் டூப்பை முடிவுசெய்யுங்கள், பிறகு நடிகருக்கு அந்தக் கையைப் பழக்குங்கள்.

எருது. இரண்டு எருது மாற்றிப் பயன்படுத்தினால் கொம்பு காட்டிக்கொடுக்கும். முனை மழுங்க வெட்டியிருப்பார்கள், ஆனால் வளைவு ஒன்றுபோல் இருக்காது.

நேரம். நொடிக்கு 120 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் 8 வினாடி 40 வினாடியாகும். அதன்மேல் மனைவி முகம், பையன் முகம், சிலுவை, பழைய நினைவு என்று ஒட்டி ஒன்றரை நிமிடம் ஆக்குகிறார்கள். பார்ப்பவனுக்கு எட்டு வினாடி எவ்வளவு நீளம் என்ற உணர்வே போய்விடுகிறது. ஒரு தடவையாவது, முதல் சவாரியையாவது, வெட்டாமல் நிஜ வேகத்தில் ஒரே ஷாட்டில் காட்டுங்கள். அதற்குப் பிறகு மெதுவாக்கினால் அர்த்தம் இருக்கும்.

உடை. இதில் காலம் பிசகும். எருதுச் சவாரிச் சாம்பியன் லேன் ஃப்ராஸ்ட் 1989 ஜூலை 30-இல் வயோமிங் மாநிலத்தின் ஷயென் அரங்கில் இறந்தார், எருதைவிட்டு இறங்கிய பிறகு அது திரும்பிவந்து முட்டியதில். அவருடைய நண்பர் கோடி லாம்பர்ட் அதற்குப் பிறகுதான் மார்பைக் காக்கும் கையில்லாத அங்கியான பாதுகாப்பு வெஸ்ட்டை உருவாக்கினார். ஆக, 1985-இல் நடக்கிற முன்கதையில் வெஸ்ட் போட்டிருந்தால் தவறு. இன்றைக்கு நடக்கிற கதையில் வெஸ்ட் இல்லாவிட்டால் தவறு. தலைக்கவசம் இன்னும் சிக்கல்: எருதுச் சவாரிக்கு மட்டுமான பிபிஆர் அமைப்பின் விதிப்படி 1994 அக்டோபர் 15 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்குக் கட்டாயம். 25 வயது நாயகனுக்குத் தொப்பி மாட்டி பிபிஆர் அரங்கில் ஏற்றினால் தெரிந்தவர்கள் விடமாட்டார்கள்.

சத்தம். மணி, கதவுத் தாழ்ப்பாள், எருதின் மூச்சு, எட்டாவது வினாடியின் ஒலி. இந்த நான்கும் இருந்தால் வயலின் வேண்டாம்.

ஆமென் தாத்தா
ஜெபக் காட்சி பற்றி யாரும் பேசவில்லையே. வெள்ளை மரக் கோயில், வண்ணக் கண்ணாடி, ஆர்கன். ரோடியோக்காரன் அங்கே போவதே அபூர்வம். கௌபாய் சர்ச் என்று தனி வகை இருக்கிறது. மாட்டுச் சந்தைக் கொட்டகையிலும், ரோடியோ நடக்கிற அரங்கின் இருக்கை வரிசையிலும் கூடுவார்கள். பூட்ஸில் சாணியோடு வரலாம். தொப்பி தலையிலேயே இருக்கும், ஜெபம் என்றதும் கழன்று மார்புக்கு வரும். காணிக்கைத் தட்டு சுற்றிவராது, பின்னால் ஒரு பழைய பூட்ஸோ வாளியோ இருக்கும், போடுகிறவர் போடலாம்.

ஞானஸ்நானம் கால்நடைத் தொட்டியில். துத்தநாகம் பூசிய தகரத் தொட்டி, 2 அடி உயரம், 3 அடி அகலம், 8 அடி நீளம் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். தோட்டக் குழாயில் நிரம்ப முக்கால் மணி நேரமாவது ஆகும், காட்சி நேரத்தில் நிரப்பலாம் என்று நினைக்காதீர்கள். இந்த ஆழத்தில் ஆற்றில்போல் நின்று சாய முடியாது. தொட்டிக்குள் கால்நீட்டி உட்கார வேண்டும், போதகர் வெளியே நின்று ஒரு கை முதுகிலும் ஒரு கை நெஞ்சிலும் கொடுத்துப் பின்னால் சாய்ப்பார். தோள் உடைந்த ஆள் என்றால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். ஆறடி ஆண் மாட்டுத் தொட்டியில் குழந்தைபோல் உட்கார்ந்திருக்கிற அந்தக் கோணமே போதும். வசனம் எழுதாதீர்கள்.

திரைக்கதை மேசை
தாத்தா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

இப்போது என் யோசனை ஒன்று. ரோடியோ விதியிலேயே இரண்டாம் வாய்ப்பு இருக்கிறது: ரீ-ரைட். எருது சரியாகத் துள்ளாவிட்டாலோ, தடுக்கி விழுந்தாலோ, கூண்டுக் கதவில் மோதினாலோ நடுவர் வேறு எருது தரலாம். வேண்டாம் என்று சொல்லி இருக்கிற புள்ளியோடு போகவும் உரிமை உண்டு. மனந்திரும்பும் கதைக்கு இதைவிட என்ன உருவகம் வேண்டும்?

அரங்க மண்
பொருந்தாது. ரீ-ரைட் சவாரிக்காரன் செய்த தவறுக்குக் கிடைக்காது. தானே சறுக்கி விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எருதின் குறைக்காக அவனுக்குக் கிடைக்கிற நியாயம் அது. கிருபை என்றால் தகுதியில்லாதவனுக்குக் கிடைப்பது என்றுதானே சபையில் சொல்கிறார்கள்? இது நேர் எதிர்.

நிஜமாக வேண்டுமானால் ஹேங்-அப் எடுத்துக்கொள்ளுங்கள். வலக்கையால் பிடித்தவன் இடப்பக்கம் விழுந்தால், அதாவது பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம், மணிக்கட்டு முறுக்கிக் கை கயிற்றுக்குள் பூட்டிக்கொள்ளும். இப்போது விரலைத் திறந்தாலும் வராது, அவன் உடல் எடையே கயிற்றை இறுக்குகிறது. ரோசின் வேறு. எருது சுழலச் சுழல ஆள் துணிபோல் அடிபடுவான்.

அவன் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று: எப்படியாவது காலூன்றி எருதோடு சேர்ந்து ஓடுவது. கால் நின்றால் எடை குறையும். கையை விடுவிப்பது இன்னொருவர் வேலை. புல்ஃபைட்டர், அதாவது சவாரிக்காரனைக் காக்க அரங்கில் நிற்கிற ஆள், ஒருவர் எருதின் தலைப்பக்கம் போய்த் தன்னைக் காட்டி அதைத் திருப்புவார். இன்னொருவர் மறுபக்கத்திலிருந்து தாவிக் கயிற்றின் வாலைப் பிடித்து இழுப்பார். வால் வந்தால் கயிறு தளரும், மணி கீழே இழுக்கும், கை கழலும். கொம்பு யார்மேல் படுகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் வந்த ஆள்மேல்தான்.

தன்னால் விடுபட முடியாதவன், அவனுக்காக நடுவில் பாய்கிறவன். இதை வைத்துக்கொண்டு இவர்கள் சூரிய அஸ்தமனத்தில் மண்டியிடும் ஷாட் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆமென் தாத்தா
இதைப் பிரசங்கத்திலேயே பயன்படுத்தலாம். படத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தால்.

கடைசி பெஞ்ச்
அப்படியானால் நாயகன் கடைசியில் சவாரி செய்யாமல், தானே புல்ஃபைட்டராகப் பாய்ந்து போட்டியாளனைக் காப்பாற்றலாமே?

அரங்க மண்
அந்தத் தொழில் தனிப் பயிற்சி. வேலியில் நிற்கிறவன் திடீரென்று குதித்தால் எருதுக்கு இன்னொரு இலக்குதான் கிடைக்கும், காப்பாற்றுகிறவர்களுக்கு இன்னொரு வேலை. ஆனால் கூண்டின்மேல் நின்று கயிறு இழுத்துக் கொடுக்கிற வேலை இருக்கிறதே, அதைச் சவாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் செய்வது வழக்கம், போட்டியாளனுக்கும்கூட. கொஞ்சம் தளர்வாக இழுத்தால் கயிறு பக்கவாட்டில் நழுவும், மிதமிஞ்சி இறுக்கினால் கையை எடுப்பது கஷ்டம். யாரை நம்பி வாலைக் கொடுக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை. நாயகன் குடித்த காலத்தில் யாரும் அவனிடம் கயிறு கொடுக்கமாட்டார்கள். கடைசியில் ஒருவன் கொடுக்கிறான். எனக்கு அது போதும், அவன் ஏறவே வேண்டாம்.

பழைய ரீல்
பஸ் பிடித்துச் சபையோடு வருகிற கூட்டம் அதற்கு டிக்கெட் வாங்குமா? பள்ளி அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றிய கிறிஸ்தவப் படம் ‘ஃபேசிங் த ஜயன்ட்ஸ்’ 2006-இல் சுமார் ஒரு லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு அதைப்போல நூறு மடங்கு வசூலித்தது. அதில் ஜெபித்த பிறகு ஜெயிக்கிறார்கள், குழந்தையும் பிறக்கிறது. அந்தப் பாடம் எல்லாருக்கும் நன்றாக ஏறிவிட்டது.

திரைக்கதை மேசை
நடுவழி இருக்கிறது. எட்டு வினாடி தாங்கட்டும், புள்ளி குறைவாக வரட்டும். மொத்தம் நூறில் பாதி எருதின் ஆட்டத்துக்கு: பிஆர்சிஏ-வில் இரண்டு நடுவர், ஒவ்வொருவரும் சவாரிக்காரனுக்கு 25 வரை, எருதுக்கு 25 வரை தருவார்கள். எருது மந்தமாக இருந்தால் எவ்வளவு நன்றாக ஏறினாலும் 70-ஐ ஒட்டித்தான் வரும். பரிசு இல்லை, கட்டணம் நஷ்டம். ரீ-ரைட் தருகிறேன் என்கிறார் நடுவர். முன்பென்றால் பாய்ந்திருப்பான், இப்போது வேண்டாம் என்கிறான். கூட்டத்துக்குச் சவாரியும் கிடைத்தது, நமக்கு ஆளும் கிடைத்தான். என் ரீ-ரைட்டை இப்படியாவது காப்பாற்றிக்கொள்கிறேன்.

அரங்க மண்
இது சரி. எடுங்கள்.

ஆமென் தாத்தா
தமிழ் சப்டைட்டில் போடுகிறவர்களுக்குச் சில வார்த்தை. இந்தக் கதாபாத்திரங்கள் பெரும்பாலும் பாப்டிஸ்ட் வழி. அதனால் கிருபை, இரட்சிப்பு, ஞானஸ்நானம், போதகர். அருள், திருமுழுக்கு, அருட்தந்தை என்று போட்டால் கத்தோலிக்கக் கோயிலுக்குள் போய்விடும். லூக்கா 15-ஐக் குறிப்பிட்டால் கெட்ட குமாரன், ஊதாரி மகன் அல்ல. சூட் என்பதற்கு வாடிவாசல் என்று ஒரு சப்டைட்டிலில் பார்த்தேன். வேண்டாம், பார்க்கிறவன் அலங்காநல்லூரைத் தேடுவான். கூண்டு போதும்.

மணிச்சத்தம்
கடைசிச் சவாரியில் கேமராவை எங்கே வைப்பது என்று தனிமடலில் கேட்டவருக்கு இங்கேயே: எட்டாவது வினாடி ஒலித்த பிறகும் வெட்டாதீர்கள். இறங்குவதுதான் ஆபத்தான வேலை. சும்மா இருந்த கையால் வாலை இழுத்துப் பிடியைத் தளர்த்தி, எருது உதைக்கிற வேகத்தில், பிடித்த கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகக் காலைத் தூக்கிப்போட்டு இறங்க வேண்டும். வலக்கைக்காரர் என்றால் கேமரா எருதின் வலப்பக்கம், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், வேலிக்கு வெளியே, நீண்ட லென்ஸ். முகம் கிடைக்காது. கையுறை திறக்கிறது கிடைக்கும்.